வெள்ளிக்கிழமைக் கயிறு

சகாயமேரிக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று எவனாவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பசுமலைக்காரி. ஆறு வருஷம் பள்ளிக்கூட வேன், அப்புறம் ஐந்து வருஷம் எங்கள் டிராவல்ஸில் கார். ஒரு கீறல் விழுந்ததில்லை. நானும் அங்கேதான் வேன் ஓட்டுகிறேன், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஓனர் ஜனகராஜ் அண்ணன் புதுக் கார் எடுத்து அவளிடம் கொடுத்தார். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணையும். கிளட்சை மிதித்தால் தானாகக் கிளம்பும். ஆனால் சில நாள் அணைந்தது அணைந்ததுதான். மிதி மிதி என்று மிதித்தாலும் அசையாது, சாவியைத் திருப்ப வேண்டும். பின்னால் நிற்கிற பஸ்காரன் சும்மா இருப்பானா? மூன்று திங்கட்கிழமை சர்வீஸுக்கு விட்டார்கள். பேட்டரி நன்றாக இருக்கிறது, கோளாறே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"வண்டியில குறையில்ல மேரி, ஒன் கால்லதான் குறை. திங்கக்கிழமையில இருந்து பழைய வண்டி ஓட்டுற முகேஷ் இத ஓட்டட்டும்" என்றார் அண்ணன்.

அவள் முகம் செத்துப்போனது. இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீடு அந்தச் சாவியை நம்பித்தான் ஓடுகிறது. ஆனாலும் விட்டாளா?

"அண்ணே, இது வெள்ளி, சனிதான் மக்கர் பண்ணுது. மத்த நாள்ல ஒண்ணுமே இல்ல. நாளைக்குச் சனிக்கெழம, எங்கூட ஒரு ரவுண்டு வாங்க."

மறுநாள் காலையில் முணுமுணுத்துக்கொண்டே முன்னால் ஏறினார். வேடிக்கையை விடுவேனா, நான் பின்னால்.

கோரிப்பாளையம் சிக்னல். எஞ்சின் அணைந்தது. பச்சை விழுந்தது. மிதித்தாள். ஊஹூம்! ஹாரன் காதைக் கிழிக்கிறது. அவள் பதறாமல் இறங்கிப் பானெட்டைத் தூக்கினாள்.

"அண்ணே, இங்கிட்டு வந்து பாருங்க!"

வெள்ளிக்கிழமைதோறும் அண்ணன் தன் கையாலேயே திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவார். அந்தக் கறுப்புக் கயிற்றைப் பானெட் பூட்டின் கொக்கியில் நாலு சுற்று சுற்றியிருந்தார்!

"கயிறு தடிமனா இருக்குல்ல, பூட்டு முழுசா எறங்கல. எஞ்சின் அணையிற குலுக்கல்ல பானெட் தெறந்திருச்சுன்னு வண்டி நெனச்சுக்கிருது. உள்ள யாரு கையாச்சும் இருந்தா? அதான் தானா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. திங்கக்கிழமைக்குள்ள கயிறு நசுங்கிருது, வண்டியும் சரியாயிருது."

கயிற்றை அறுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். அடுத்தது தல்லாகுளம். அணைந்தது, மிதித்தாள், சட்டென்று கிளம்பியது! அவுட்போஸ்ட்டில் மறுபடியும்! நான் சீட்டைத் தட்டிக் கத்தியே விட்டேன்.

"எங்காலு எப்பிடிண்ணே இருக்கு?" என்றாள்.

அண்ணன் மடியில் எலுமிச்சம்பழம். போனை எடுத்து, "முகேசு, நீ பழைய வண்டியவே ஓட்டுப்பா" என்றார். மன்னிப்பா? மூச்!

அடுத்த வெள்ளிக்கிழமை பழமும் கயிறுமாக வந்தார். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவளிடம் நீட்டினார்.

"நீயே கட்டும்மா. ஒனக்குத்தான் எடம் தெரியும்."

கழுத்தில் ஜெபமாலை ஆட, குனிந்து, பம்பருக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள்.