மயில் சைக்கிளும் என் பேரும்

மொனராகலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாழைப்பழக் கடை. போன வாரம் அங்கே இரண்டு பழம் வாங்கப் போனேன். கடைக்காரர் வாழைத்தார்களுக்கு நடுவே கார்பைட் கல்லை வைத்துத் தண்ணீர் தெளித்தார். பூண்டு அழுகினாற்போல ஒரு நாற்றம். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நின்று ஆழமாக மூச்சை இழுத்தேன். எனக்கு அது திருவிழா வாசனை.

அந்தக் காலத்தில் சைக்கிள் விளக்கு கார்பைட்டில் எரியும். பதுளைக் கடைத்தெருவில் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஆடித் திருவிழா அன்று அத்தனை சைக்கிளும் வேஷம் கட்டும். துணிக்கடைச் சைக்கிள் யானையாக வரும். தும்பிக்கை பழைய சேலைத்துணி. அரிசிக்கடைக்காரர் வருஷா வருஷம் கப்பல்தான் விடுவார். கடல் தாண்டி வந்த ஞாபகமாம். பாய்மரம் மழையில் ஊறி அவர் தலையிலேயே விழும். கோயில் வாசலில் கட்டியக்காரர் ஒருவர் நின்று, வண்டி செய்தவனின் ஊர், அப்பன் பேர், அவன் பேர் மூன்றையும் சாமிக்குக் கேட்கும்படி கத்துவார். சாமிக்குக் கேட்டதோ இல்லையோ, தெருவுக்கே கேட்கும்.

நான் அப்போது ஒரு சைக்கிள் கடையில் காற்றடித்துக்கொண்டிருந்தேன். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து துண்டு இல்லாமல் ஓடி வந்தவன். இவனை விட்டாயிற்று என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பேர். அது இல்லாமல் வெளியேறினால் பிடித்துக்கொண்டு போவார்கள், மறியலில் அடைப்பதும் உண்டு. அதனால் கேட்டவர்களிடமெல்லாம் மதுரையிலிருந்து நேராக வந்தேன் என்று சொல்லிவைத்தேன். மதுரை எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. கடைத்தெரு எனக்கு மதுரை என்றே பேர் வைத்துவிட்டது.

சோலைமலை அதே கடையில் பஞ்சர் ஒட்டுபவன். ஒரே தட்டில் சாப்பிட்டோம். அந்த வருஷம் கடைச் சைக்கிளில் மயில் செய்யலாம் என்று சொன்னது நான். மொனரா என்றால் சிங்களத்தில் மயில். ஆகவே இறகு பொறுக்க மொனராகலைக்கே நடந்தோம், போக வர நாலு நாள். வழியில் ஓர் ஓடையில் கால் நனைத்தபடி, "மதுரையில எந்தத் தெருடா நீ?" என்று கேட்டான். எனக்கும் பொய் சலித்துப்போயிருந்தது. பேர், அப்பன் பேர், தோட்டம், கங்காணி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எங்கிட்டச் சொன்னது கெணத்துல போட்ட கல்லுடா" என்றான்.

உடைந்த குடைக் கம்பிகளால் தோகை கட்டினேன். பதுளை மழையில் உடைந்த குடைக்குப் பஞ்சமில்லை. கைப்பிடியில் ஒரு கயிறு. இழுத்தால் தோகை விரியும். முதலாளி சுற்றி வந்து பார்த்தார். "சக்கரம் பூட்டுற வேலைக்கு ஒருத்தனத்தான் வச்சுக்க முடியும். திருவிழா முடியட்டும், சொல்றேன்" என்றார். நான் சிரித்தேன். சோலைமலை சிரித்தானா என்று பார்க்கவில்லை.

கட்டியக்காரரிடம் பேர் கொடுக்கப் போனவன் அவன்தான். பேரும் மதுரை, ஊரும் மதுரை என்று கொடுக்கச் சொன்னேன். "ஒன் வேலையப் பாரு, நான் குடுத்துக்கறேன்" என்றான்.

முருகன் வேஷம் எனக்கு. முகம் முழுக்க அரிதாரம், தலையில் காகிதக் கிரீடம். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரிந்திருக்காது. பொழுது சாயும் நேரம் கோயில் வாசலுக்கு மயிலை ஓட்டி வந்தேன். கட்டியக்காரர் குரலெடுத்தார். லுணுகலை என்றார். தோட்டத்தைச் சொன்னார். என் அப்பன் பேரைச் சொன்னார். பிறகு என் பேர்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. ஒன்பது மாதமாக யாரும் கூப்பிடாத பேர். நெஞ்சை நிமிர்த்திக் கயிற்றை இழுத்தேன். தோகை விரிந்தது. "அரோகரா!" என்று தெருவே கத்தியது.

தோளில் ஒரு கை விழுந்தது. எங்கள் தோட்டத்துக் கங்காணி, பின்னால் இரண்டு ஆட்கள்.

"பூச்சுல ஆளே தெரியலப்பா. பேரச் சொன்னா நிமுந்துருவான், பாத்துக்குங்கன்னு சோலமல சொன்னான். அதே மாதிரி நிமுந்த பாரு" என்று சிரித்தார்.

சோலைமலை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாய்ச்சுராம எறங்கு, தோகை மடங்கிரும்" என்றான்.

சாய்க்காமல்தான் இறங்கினேன்.

மறுநாள் காலை தோட்டத்தில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி அதே பேரைக் கூப்பிட்டார். "இருக்கேங்க" என்றேன். சில வருஷத்தில் துண்டையே ஒழித்துவிட்டார்கள். நான் நடையைக் கட்டினேன். கொஸ்லந்தையில் கொஞ்ச நாள், எங்கெங்கோ கொஞ்ச நாள். ஒருமுறை பதுளைக்குப் போனபோது அந்தக் கடையில் சோலைமலை சக்கரம் பூட்டிக்கொண்டிருந்தான். "வா மதுரை, டீ குடிக்கிறியா?" என்றான். குடித்தேன். நல்ல டீதான். என் சொந்தப் பேரை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது திருவிழாவில் சைக்கிள் வேஷம் கட்டுவதில்லை. கட்டியக்காரர் நின்ற இடத்தில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். கார்பைட், வாழைப்பழத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களில் கங்காணி உட்பட ஒருவரும் உயிரோடு இல்லை.

பழத்தைச் சுற்றிக் கொடுத்த கடைக்காரர், "ஐயா பேரு என்னங்க?" என்று கேட்டார்.

"மதுரை."

"சொந்த ஊருங்க?"

"அதுவும் மதுரைதான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.