இடது கார்னரில் யார் நிற்பது? அப்பாவின் கடைசிக் கருத்தும் என் மறுப்பும்

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, பந்தியில் இலை போடுவதற்குள் இந்த மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், கபடி மைதானத்தில் அப்பாவோடு மல்லுக்கு நின்ற பெரியவர்களுக்கும் அவருடைய ஒரே மகளின் வணக்கம்.

இதை நான் அமைதியாக உட்கார்ந்து எழுதியதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு பத்தி எழுதுவேன், எழுந்து வாசலுக்குப் போவேன், திரும்பி வந்து எழுதியதை அடிப்பேன். அச்சகத்துக்காரர் போன் மேல் போன் போட்டு அலுத்துவிட்டார். அம்மாவோ, "ஏட்டி, கால்ல சக்கரமா கெட்டிருக்கு? ஒரு எடத்துல இரியேன்" என்று சத்தம் போடுகிறார்கள். இருக்க முடிந்தால் இருக்க மாட்டேனா? இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நாளின் மாலையில், இசக்கி மாமா, அம்மன் கோவில் கொடைத் திருவிழாவின் கபடிப் பந்தயத்துக்கு ஆடப்போகும் ஏழு பேரை அறிவிக்கிறார். அதில் சுடலைமுத்துவின் பெயர் இருக்குமா இருக்காதா என்பதுதான் என் பதைப்பு. நினைவு மலரில் இந்தப் பேச்சு எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படிக்க வேண்டும். அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கள் ஊர்க் கபடி அணியைப் பற்றித்தான் எழுத வருகிறது.

அப்பா பிறந்தது சேரன்மகாதேவியில். ஒரு காலத்தில் வயலும் வரப்புமாக இருந்த குடும்பம். அப்பாவுக்கு விவரம் தெரிவதற்குள் எல்லாம் கைமாறிவிட்டது. கல்லூரியில் சேர்த்துவிட ஆளில்லை. தங்கைகள் இருவர், தம்பி ஒருவர், மூன்று பேரையும் கரையேற்றும் பொறுப்பு அப்பா தலையில் விழுந்தது. அரசுப் பேருந்தில் நடத்துனராகச் சேர்ந்தார். திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் இடையே ஓடுகிற வண்டியில்தான் அவருடைய பாதி ஆயுள் கழிந்தது. அம்மாவைக் கல்யாணம் செய்தபின் அம்மாவின் ஊரான கல்லிடைக்குறிச்சிக்கே குடிவந்துவிட்டார். புத்தகப் பையோடு ஒரு பிள்ளை தூரத்தில் ஓடிவருவது தெரிந்தால் போதும், விசில் ஊதி வண்டியை நிறுத்திவிடுவார். ஓட்டுநர் முணுமுணுத்தால், "உம்ம வீட்டுப் பிள்ளைன்னா நிறுத்துவேரா மாட்டேரா?" என்று ஒரே கேள்வி.

அப்பாவுக்குச் சிறுவயதிலிருந்தே இளைப்பு. மூச்சடக்கிப் பாட முடியாத மனிதர் கபடி ஆடுவது எப்படி? அதனால் கோட்டுக்கு வெளியே நின்றே ஒரு வாழ்நாள் ஆடினார். எல்லையில் நாற்காலி போட்டுக் கொடுத்தாலும் உட்கார்ந்ததில்லை. இந்தப் பக்கம் நடப்பார், அந்தப் பக்கம் நடப்பார், நடுவர் வந்து கையெடுத்துக் கும்பிடுவார். ஓய்வு பெற்றபின் வாட்சப் கையில் கிடைத்ததுதான் வினை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் இசக்கி மாமாவுக்குக் குரல் பதிவு பறக்கும். இசக்கி மாமா வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். அணியை நடத்துபவரும் அவர்தான். மண்டியில் ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே அப்பாவின் குரல் அவருடைய சட்டைப் பையிலிருந்து கத்துமாம்.

அப்பா போவதற்கு முந்தின ஆண்டு அணியில் நடந்ததை அப்பாவால் கடைசிவரை ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகளாக இடது கார்னரில் நின்ற மூத்த ஆட்டக்காரரை வள்ளியூர் அணி கூப்பிட்டதும், "போய்ட்டு வாரும்" என்று இசக்கி மாமா அனுப்பிவிட்டார். அந்த இடத்துக்குச் சுடலைமுத்துவைக் கொண்டுவந்தார். கபடி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கார்னரில் நிற்பவர் எதிரணியிலிருந்து பாடி வருபவரின் காலுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த ஆள் உள்ளே வந்து, கால் பதித்து, திரும்புகிற நேரத்தில் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். சுடலைமுத்துவுக்குக் காத்திருப்பது என்றால் வேப்பங்காய். கொஞ்சம் இடைவெளி தெரிந்தால் போதும், பாய்ந்துவிடுவார். பிடி கிடைத்தால் ஊரே எழுந்து நிற்கும். கிடைக்காத நாளில் அப்பாவின் குரல் பதிவு நீளும்.

"வே இசக்கி, உம்ம கார்னர்ல நிக்குதவன் பிடிக்காரனா தவளையா? அவன் கால் வைக்குததுக்கு முன்னாலயே இவன் பாயுதான்! எடுத்த எடுப்புல புள்ளியத் தூக்கித் தாரை வார்க்கான். பெஞ்சுல பால்துரை கெடக்கான், எவ்வளவு நிதானமான பய! அவனை எறக்கும் வே. நான் சொல்லுதத ஒரு நாளாவது கேளும்."

இது ஒன்று. இன்னும் எத்தனையோ. பாடிப் போகிறவர்களைப் பற்றி, தலைவரைப் பற்றி, இடைவேளையில் வாழைப்பழம் கொடுப்பதைப் பற்றிக்கூட அப்பாவுக்குக் கருத்து உண்டு. ஆனால் எந்தக் கருத்தும் கடைசியில் சுடலைமுத்துவிடம் போய் நிற்கும். பொறுமையைப் பற்றி இந்த மனிதர் பாடம் எடுப்பதைக் கேட்டு அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். காபி ஆறும்வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிறவர் அல்லவா அவர்!

ஆடி பிறந்ததும் அப்பாவுக்கு இளைப்பு முற்றியது. மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். அதே வாரத்தில் அம்மன் கோவில் கொடைக்குப் பந்தல்கால் நாட்டினார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். கால் நாட்டியபின் பாடைக்குத் தோள் கொடுத்தவர்கள் கொடை முடியும்வரை கோவில் மைதானத்தில் கால் வைப்பதில்லை. பந்தயம் நடப்பதோ அந்த மைதானத்தில். அப்பா இதையெல்லாம் படுத்தபடியே கணக்குப் போட்டிருக்கிறார். இசக்கி மாமாவை வரச்சொன்னார்.

"வே, நான் கொடைக்குள்ள போயிட்டேன்னா, ஆடுத ஏழு பேர்ல ஒருத்தனும் என்னையத் தூக்கக் கூடாது. பெஞ்சுல இருக்கவனுவ தூக்கட்டும். கேட்டேரா?"

"என்ன பேச்சு பேசுதீரு அண்ணாச்சி" என்று மாமா கண் கலங்கினார்.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே தொடர்ந்தார். "வேணும்னா ஒண்ணு செய்யும். சுடலையப் பெஞ்சுக்கு மாத்திட்டு அவனைத் தூக்கச் சொல்லும். அணி உருப்படும்."

இசக்கி மாமா அழுதுகொண்டே சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "செத்தாலும் உம்ம பேச்சைக் கேக்க மாட்டேன் வே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இறுதிப் போட்டி நாளன்று காலையில் அப்பா போய்விட்டார்.

பெரியவர்கள் மதியத்துக்குள் எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தால்தான் மாலையில் கோவில் நடை திறக்கலாம். அணியின் ஏழு பேரும் தெருமுனையில் நின்றார்கள். பாடையை நெருங்கவும் முடியாமல், போகவும் மனமில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெஞ்சில் இருந்தவர்களில் மூன்று பேர் தோள் கொடுக்க வந்தார்கள். பால்துரையை மட்டும் யாருக்காவது அடிபட்டால் இறக்க வேண்டும் என்று இசக்கி மாமா நிறுத்திவைத்திருந்தார். சித்தப்பா மகன் கொள்ளிச் சட்டி ஏந்தி முன்னே போக வேண்டியவன். ஆக, பாடையின் இடது முன்பக்கம் காலியாக இருந்தது. அது மகன் நிற்க வேண்டிய இடம். அப்பாவுக்கு நான் ஒருத்திதான். என்னை அங்கே நிற்க விடுவார்களா?

என் கணவர் முன்னால் வந்தார். "மருமவன் முன்பக்கம் நிக்கது நம்மள்ல வழக்கம் கெடையாது" என்று ஒரு பெரியவர் தடுத்தார். "அப்ப நீரு வாரும்." "எனக்குத் தோள்பட்டை வலி, அவரு வரட்டும்." "நான் பங்காளி இல்லையே வே." இப்படியே பேச்சு வளர்ந்தது. அப்பா தெருவில், வெயிலில் கிடந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருப்பேன். சாகும்வரை ஒரு இடத்தில் காத்திருக்காத மனிதரை இப்படிக் காக்க வைக்கிறார்களே!

அப்போது தெருமுனையிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். "ஏலே சுடலை, நில்லு லே! இன்னைக்குப் பைனல் லே!" என்று இசக்கி மாமா பின்னாலிருந்து கத்தினார். சுடலைமுத்து நிற்கவில்லை. நேரே வந்து குனிந்து இடது முன்பக்கத்தைத் தோளில் ஏற்றிவிட்டார். மற்ற மூவரும் தூக்கினார்கள். அப்பா புறப்பட்டார்.

அன்று மாலை குளித்து முடித்த ஈரத் தலையோடு நாங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். கோவில் ஒலிபெருக்கியில் ஆட்ட வர்ணனை வீட்டுக்குள்ளேயே கேட்டது. அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்து, "ஏட்டி, கார்னர்ல யாரு நிக்கான்?" என்று கேட்டார்கள். பால்துரை என்றேன். அப்பா ஆண்டு முழுவதும் கேட்ட அதே அணி, அப்பா ஆசைப்பட்டபடியே இறங்கியிருந்தது. பால்துரை நல்ல பிள்ளை. நிதானமான பிள்ளை. நின்றார், நின்றார், எதிரணி ஆள் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டிப் போகும்வரை நின்றார். ஒரே புள்ளியில் தோற்றோம்.

அன்றிலிருந்து சுடலைமுத்துவை அணியில் சேர்க்கவில்லை. சாவுக்குப் போய்ச் சாமி காரியத்தைக் கெடுத்தவன் என்று ஊர் பேசியது. நான் தடுத்தும் கேளாதவனுக்கு அணியில் என்ன வேலை என்றார் இசக்கி மாமா. பம்பாய்க்கு வேலைக்குப் போய்விடலாமா என்று அந்தப் பிள்ளை யோசிப்பதாகக் கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பா கேட்டபடி நீ பெஞ்சுக்குப் போனாயா, இல்லை அப்பா திட்டியதற்கு ரோஷப்பட்டு இப்படிச் செய்தாயா என்று அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றார். "கண்டக்டரையா சொன்னது எனக்குத் தெரியவே தெரியாது. எடது பக்கம் காலியா கெடந்துச்சு. எல்லாரும் பேசிக்கிட்டே நிக்காவ. எனக்குப் பொறுக்க முடியல, பாய்ஞ்சிட்டேன்."

"ஒரு வருசமா உன்னையத் திட்டுனவுகளுக்கா?"

"அவிய ஒருத்தருதான்க்கா நான் ஆடுதத முழுசாப் பாத்தாவ. எங்கய்யா ஒரு ஆட்டத்துக்கும் வந்தது கெடையாது."

வீட்டுக்கு வந்து நெடுநேரம் அழுதேன். சொல்வதில் வெட்கமென்ன.

நன்றி சொல்லும் கடமை பாக்கி இருக்கிறது. அப்பாவைக் கவனித்த மருத்துவருக்கும், நேரம் பாராமல் ஊசி போட வந்த செவிலியர் அக்காவுக்கும், அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாதபோது சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், தோள் கொடுத்த மூன்று தம்பிகளுக்கும், அப்பாவோடு பணியாற்றிய ஓட்டுநர், நடத்துனர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. அப்பாவின் குரலை இத்தனை ஆண்டு சட்டைப் பையில் சுமந்த இசக்கி மாமாவுக்குத் தனியாக நன்றி.

சுடலைமுத்துவுக்கு நன்றி சொல்லப் போவதில்லை. மகன் நிற்க வேண்டிய இடத்தில் நின்ற பிள்ளைக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

இசக்கி மாமா, நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். அப்பா உயிரோடு இருந்தவரை அவர் கருத்தை நீங்கள் கேட்டதில்லை, அதுவே சரி. இறந்தபின் கேட்டுவிட்டீர்கள். இறந்தவரைப் பற்றி நல்லதுதான் எழுத வேண்டும் என்பார்கள். இருந்தாலும் அவருடைய நினைவு மலரிலேயே, அவர் மகள், அச்சில் எழுதுகிறேன்: அப்பா சொன்னது தப்பு. இடது கார்னரில் சுடலைமுத்துதான் நிற்க வேண்டும்.