பத்தொன்பது பற்றிக் ரெய்லிகள்

ஸ்டெபனி மூன்றாவது பெட்டியைத் தூக்கக் குனிந்தபோது பாக்கியராசா அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“மிஸ்டர் ராஜா, தயவுசெய்து எழும்புங்கள்.”

“முதல்ல நான் சொல்றதக் கேளுங்க மிஸ்.”

இருவரும் பேசியது இங்கிலீஷ். பாக்கியராசாவின் இங்கிலீஷ் மட்டக்களப்பு வழியாகத்தான் வாய்க்கு வரும். வயது அறுபத்தொன்பது. இரண்டு முழங்காலிலும் வலி. உட்காருவதற்கு யாருடைய உதவியும் தேவையில்லை, எழும்பத்தான் ஆள் வேண்டும். ஆகவே நடந்ததைப் போராட்டம் என்று முழுமனதாகச் சொல்லிவிட முடியாது.

அயர்லாந்தில் லீட்ரிம் என்றொரு மாவட்டம். கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த காலத்தில் அங்கிருந்து கப்பலேறியவர்களில் கொஞ்சப் பேர் ரொறன்ரோவில் இறங்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் பார்க்டேலில், ஒரு தேவாலய மண்டபத்தின் நிலக்கீழ் அறையில் சங்கம் நடத்துகிறார்கள். தங்கள் ஆட்கள் எந்த ஊரில் எந்த வீட்டிலிருந்து வந்தார்கள் என்று தேடுவதுதான் சங்கத்தின் வேலை. ஸ்டெபனி அதன் தலைவி. பாக்கியராசா அந்த மண்டபத்தைப் பதினொரு வருடம் கூட்டித் துடைத்தவர்.

ஒரு சனிக்கிழமை, சங்கத்தார் மூன்று பேர் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் படமொன்றைப் பூதக்கண்ணாடியால் பார்த்து முழி பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வாளியோடு கடந்துபோனவர் எட்டிப் பார்த்தார்.

“பேரு ஹொனோரா. பக்கத்தில இருக்கிறது எழுத்தில்ல, ஊத்தக் கறை.”

ஊரில் அவர் ஒன்பது வருடம் பிறப்பு இறப்புப் பதிவுக் கந்தோரில் கிளாக்கர். செத்துப்போன ஊர் விதானைமாரின் கையெழுத்தெல்லாம் வாசித்தவருக்கு ஐரிஷ் பங்குச் சாமியாரின் கையெழுத்து எம்மாத்திரம்? வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சங்கம் அவரிடம் அறைச் சாவியைக் கொடுத்தது. பதிவேட்டிலிருக்கிற குழந்தைகளை எல்லாம் அட்டையில் எழுதி, குடும்பம் குடும்பமாக அடுக்கித் தரச் சொன்னது. மூன்று வருடம். நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு அட்டை. மல்வேர்ன் வீட்டிலிருந்து இரண்டு பஸ், ஒரு சப்வே, பிறகும் ஒரு பஸ்.

“சொந்த மகனுக்குப் பொம்பிள பாக்க நேரமில்ல, ஐரிஷ்காரன்ட குடி கோத்திரம் பாக்கப் போறாராம்” என்பாள் மனைவி தவமலர். மகன் கோகுலன் ஸ்ரௌவ்வில்லில் நாலு அறை வீடு வாங்கி, அதில் மூன்றைப் பூட்டி வைத்திருக்கிறான்.

“இதுவும் ஒரு சேவைதானேகா.”

“அவங்களுக்கு.”

பாக்கியராசா பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். முப்பத்தேழு வருடத்தில், கனடாவில் யாராவது அவரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றது அந்த அறையில் மட்டும்தான். இதைத் தவமலரிடம் சொல்ல முடியுமா?

இன்று காலை ஸ்டெபனி ரெய்லி என்ற குடும்பத்தைத் தேடிப் பெட்டியைத் திறந்தாள். நூற்றுக்கணக்கில் இருக்கவேண்டிய ரெய்லிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்தார்கள். வேறு பெட்டி. வேறு பெட்டி. அரை மணித்தியாலத்தில் விஷயம் பிடிபட்டது. நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு குழந்தைகளையும் பாக்கியராசா தாய்மாரின் பிறந்தவீட்டுப் பெயரில் அடுக்கியிருந்தார். தகப்பனின் பெயர் அட்டையின் அடியில், சின்ன எழுத்தில், ஒரு மரியாதைக்கு இருந்தது.

மட்டக்களப்பில் குடி தாய்வழியாகத்தான் வரும். தாயின் குடிதான் பிள்ளையின் குடி. கலியாணம் பேசினாலும் கோயிலில் உரிமை கேட்டாலும் முதல் கேள்வி அதுதான். உலகத்தில் வேறு விதமாகவும் அடுக்குவார்கள் என்று பாக்கியராசாவுக்குத் தோன்றவே இல்லை. தகப்பன் பெயர் வைத்துக்கொள்ளலாம், அது கூப்பிடுவதற்கு. சாமியாரும் ஒவ்வொரு தாயின் பிறந்தவீட்டுப் பெயரையும் விடாமல் எழுதி வைத்திருந்தார். விசயம் தெரிந்த மனிசன் என்று அவர்மேல் இவருக்கு ஒரு மதிப்பும் இருந்தது.

“மூன்று வருட வேலை வீண்” என்றாள் ஸ்டெபனி. “எல்லாவற்றையும் கலைத்து வேறு ஆளைக்கொண்டு செய்விக்கிறேன். சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்.”

பாக்கியராசா சாவியை மேசையில் வைத்தார். பெட்டியிலிருந்து எழும்பவில்லை.

அந்த நேரத்தில்தான் கிளடிஸ் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். எண்பத்தாறு வயது. நாளைக்கு மகளோடு அயர்லாந்துக்கு விமானம் ஏறுகிறார். ரெய்லிகளைத் தேடியதே அவருக்காகத்தான்.

“கிடைத்தாரா என் பூட்டன் பற்றிக்?”

“கிளடிஸ், கொஞ்சம் சிக்கல்” என்று ஸ்டெபனி பெட்டியைப் பார்த்தாள். பெட்டியில் சிக்கல் உட்கார்ந்திருந்தது.

“எந்த ஊர் என்று தெரியாமல் அங்கே போய் என்ன செய்ய? லீட்ரிம் முழுக்கக் கும்பிடவா?” கிளடிஸ் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “அவர் ரொறன்ரோவில் கலியாணம் செய்தபோது எழுதினது. பற்றிக் ரெய்லி. தகப்பன் பற்றிக் ரெய்லி.”

“அம்மா ஆரு?” என்றார் பாக்கியராசா.

“என் அம்மாவா?”

“உங்கட இல்ல. பற்றிக்ட.”

கிளடிஸ் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். “இதை யாரும் என்னிடம் கேட்டதில்லையே. வினிபிரெட். வினிபிரெட் கில்ரேன்.”

“கில்ரேன் மூணாம் பெட்டி.”

“எங்கே அது?” என்றாள் ஸ்டெபனி.

பாக்கியராசா சற்று யோசித்தார். “நான் இருக்கிறது.”

எழும்ப முடியவில்லை. ஸ்டெபனி ஒரு கையைப் பிடித்தாள். கிளடிஸ் நடைவண்டியின் பிரேக்கைப் போட்டுவிட்டு மற்றக் கையைப் பிடித்தார். இரண்டாவது இழுவையில் மனிதர் நிமிர்ந்தார். பெட்டியின் மூடி உள்ளே அமுங்கியிருந்தது.

கில்ரேன் பெண்களின் பிள்ளைகள் முப்பத்தொரு அட்டை. வினிபிரெட்டின் பிள்ளைகள் ஆறு. மூன்றாவது பற்றிக், 1838 பங்குனி. அடியில் சின்ன எழுத்தில் தகப்பன் பற்றிக் ரெய்லி. ஊர் டிரம்காவ்லி.

“டிரம்காவ்லி” என்றார் கிளடிஸ். நடைவண்டியின் இருக்கையை விரித்து அதில் உட்கார்ந்தார். இன்னும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

“தகப்பன் பேரில அடுக்கியிருந்தா,” என்று பாக்கியராசா ஸ்டெபனியின் பக்கம் திரும்பினார், “பத்தொம்பது தகப்பன் பற்றிக் ரெய்லி வரிசையா நிண்டிருப்பாங்க. நான் எண்ணினனான். எவன்ட வீட்டுக் கதவத் தட்டுவீங்க?”

ஸ்டெபனி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலிதான். இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அப்ப நானும் ஒரு கில்ரேன்” என்றார் கிளடிஸ்.

“இல்லையே.” பாக்கியராசா கறாராகச் சொன்னார். “பற்றிக் ஆம்பிள. குடி அவரோட நிண்டுபோயிற்று. நீங்க வேற குடி. உங்கட அம்மாட அம்மாட அம்மா ஆரு?”

கிளடிஸ் வாய்விட்டுச் சிரித்தார். தெரியாதாம்.

“பாத்தீங்களா? இதத் தெரியாம அயர்லாந்து போறா” என்றார் பாக்கியராசா, ஸ்டெபனியிடம் முறைப்பாடு போல.

ஸ்டெபனி மற்ற இரண்டு பெட்டிகளையும் தூக்கி இருந்த இடத்தில் வைத்தாள். மேசையிலிருந்த சாவியை அவர் பக்கம் தள்ளினாள்.

“இது இப்படியே இருக்கட்டும். ஆனால் தகப்பன் பெயரிலும் ஒரு அடுக்கு வேண்டும்.”

“ரெய்லிக்கா?”

“எல்லாருக்கும்.”

பாக்கியராசா சாவியைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். முழங்காலைத் தடவினார். பிறகு சாவியை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டார்.

மறுநாள் ஞாயிறு. மழை. பூசை முடிந்து ஆட்கள் வெளியேறிய பிறகு பன்னிரண்டு மணிக்கு அறையைத் திறந்தார். அமுங்கிக் கிழிந்த மூடிக்கு ஒட்டுநாடா ஒட்டினார். வெற்று அட்டைக் கட்டு ஒன்றைப் பிரித்தார். இரண்டு மணிக்குத் தவமலர் கட்டிக் கொடுத்த புட்டைச் சாப்பிட்டார். கிளடிஸின் மகள் தொலைபேசியில் டிரம்காவ்லிக்கு இங்கிலீஷ் எழுத்துக் கேட்டாள், ஒவ்வொன்றாகச் சொன்னார். ஐந்து மணிக்கு எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொரு அட்டை. அதில் மூன்று பற்றிக் ரெய்லி. விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினார். பஸ் பதினெட்டு நிமிடம் பிந்தி வந்தது. வீட்டில் தவமலர், “முடிஞ்சிதா?” என்று கேட்டாள். “இன்னும் நாலாயிரத்து நூத்தி எழுபத்தஞ்சு” என்றார்.