ஜோடி மாற்றிய பறவையின் எடை

ஐம்பத்திரண்டு வயதில், இரண்டாவது கல்யாணத்துக்குப் பெண் பார்க்க, தலைக்குப் பூசிய சாயத்தைக் காலருக்கும் பூசிக்கொண்டு ஈப்போவில் ரயில் ஏறியவன் நான். பக்கத்து இருக்கைப் பெண் தீவுகளில் கடற்பறவைகளைப் பிடித்து எடைபோடுபவராம். வெயிலில் கறுத்த முகம். கைக்கு எட்டியதையெல்லாம், என் ஆரஞ்சுப் பையைக்கூட, உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“ஜோடி மாத்தின பறவை எப்படி இருக்கும்?” என்றேன், பறவைமேல் அக்கறை உள்ளவன்போல்.

“அந்த வருஷம் எளைச்சிரும் அண்ணே. புதுசா சேர்ந்து அடைகாக்கப் பழகணும்ல. மீனும் கிடைக்கலன்னா ரொம்ப மோசம்.” என் காலரைப் பார்த்தார். “சிலது மறு வருஷம் தேறிடும்.”

சிலதுதானா? சிலிம் ரிவரில் இறங்கும்வரை அந்தச் சொல் என்னை நிம்மதியாக உட்காரவிடவில்லை. ஸ்டேஷனில் காத்திருந்த தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லி, திரும்பிப் போய்விடட்டுமா என்றேன்.

“அது குஞ்சுக்கு மீன் தேடி அலைஞ்சு எளைக்குது. சாப்பிட்ட தட்டையே எடுக்காத ஆளு நீ. எளைக்கப் போறது உன்னைக் கட்டிக்கிற பொண்ணுதான் லா,” என்றாள்.