வெள்ளை மதிலும் துலாக்கயிறும்

"நீ பள்ளிக்கூடம் போனாப்போலை உன்னைத் துலா பிடிக்க விட்டிடுவினமோடி?" என்று குஞ்சியம்மா கேட்டபோது, கிணற்றடியில் குடத்தோடு வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் பக்கம் ஊறுவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர்க் கிணறு காணிக்கார நயினாரின் வளவுக்குள் இருந்தது. எங்கள் சாதியினர் அதில் தண்ணீர் அள்ளும் துலாவைத் தொடக்கூடாது. வீட்டுக்காரர் யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை காத்து நிற்கவேண்டும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துப் படித்தவள் நான். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. ஒழுங்கையில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு மத்தியானம், வளவின் வெள்ளை மதிலில் கரிக்கட்டையால் எழுதினேன்: இந்தத் தண்ணீரை நாங்களும் அள்ளுவோம்.

அந்த மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தவர் என்னைப் பெற்ற அப்பு. வேலணை வரைக்கும் போய் வெள்ளையடிப்பவர். அழிக்கவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? கூலியில்லாமல் அடித்துவிட்டு வந்தார்.

"அந்த வழியாலைதானே வாறனி. என்ன பிள்ளை அதிலை எழுதிக் கிடந்தது?"

"ஆரோ பெடியள் தங்கடை பேரை எழுதியிருக்கிறாங்கள், அப்பு."

"நல்ல வடிவான எழுத்து. அழிக்க மனம் வரேல்லை."

அந்த வார்த்தைக்காக அடுத்த கிழமை இன்னும் பெரிதாக எழுதினேன். முதல்முறை கோபத்தில் எழுதினேன். இரண்டாம் முறை எனக்குக் கோபமே இருக்கவில்லை.

அதை அவர் அழித்துக்கொண்டிருந்தபோது சோறு கொண்டுபோனேன். உயரத் தூக்கிய தூரிகையிலிருந்து சுண்ணாம்பு அவருடைய கண்ணுக்குள் வழிந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடியவர், நாங்கள் வழக்கமாகக் காத்து நிற்கும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"நாச்சியார், கொஞ்சம் தண்ணி... கண் எரியுது, நாச்சியார்!"

நயினாரின் மனைவியும் மற்றவர்களும் வீட்டுக்குள் மத்தியான நித்திரை. ஒருவரும் வரவில்லை.

நான் துலாக்கயிற்றைப் பிடித்தேன்.

"தொடாதை பிள்ளை! பொறு, வருவினம்."

"வரமாட்டினம், அப்பு. குனியுங்கோ."

ஊற்றிக்கொண்டே, மதிலில் எழுதியது நான்தான் என்று சொன்னேன். எழுதியதையும் வாசிப்பதுபோலச் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் ஏந்தி இன்னும் தண்ணீர் கேட்டார்.

அந்தக் கண்ணுக்கு இப்போதும் எல்லாம் புகை மூடியதுபோலத்தான் தெரிகிறது. சாப்பிடும்போது மீன் முள்ளை நான் எடுத்துக் கொடுக்கிறேன். அவரும் வாங்கிக்கொள்கிறார்.

நான் துலாக்கயிற்றைப் பிடித்த அந்த மத்தியானத்துக்கு அடுத்த நாள் விடிய, வரிசையில் நின்ற குஞ்சியம்மாவின் குடத்தையும் வாங்கிக்கொண்டு கிணற்றுக்கட்டில் ஏறினேன்.