உள்பக்கம் அடித்த கறுப்பு

காலை ஆறு மணி பத்து நிமிடம். ஜன்னலுக்குக் கீழே, சிமென்ட் தரையில், ஒரு பொன்மீன் கிடந்தது. அதன் ஒரு பக்கம் முழுவதும் தூசி அப்பியிருந்தது. வால் காய்ந்து தரையோடு ஒட்டிக்கொண்டதால் விரலால் நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

விழுப்புரத்தில் எங்கள் வீடு ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் இருந்தது. முதல் வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்கள் எங்கள் ஜன்னலை உரசிக்கொண்டுதான் ஓடுவார்கள். மீன்தொட்டி அந்த ஜன்னலடியில் இருந்தது. கூடைக்காரி ஒருத்தியின் நிழல் விழுந்தால் போதும், ஆறு மீன்களும் ஒரே வீச்சாகப் பாய்ந்து முன்கண்ணாடியில் முட்டும். அன்று ஒன்று மேல்பக்கமாக எகிறியிருக்கிறது.

மீன்கள் என்னுடையவை அல்ல. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னை காலியாகிக்கொண்டிருந்த கோடை அது. முன்பு என்னோடு ஒரே பத்திரிகையில் புரூஃப் பார்த்த நண்பர், தாயாரைத் திருச்சியில் கொண்டுபோய் விடுகிற வழியில், ஒரு டின் தண்ணீரில் அவற்றைக் கொண்டுவந்து விழுப்புரம் பிளாட்பாரத்தில் என்னிடம் ஒப்படைத்தார். தனிக்கட்டை. பல வருடங்களாக வளர்த்தவை.

"திரும்பி வர்றப்போ வாங்கிக்கிறேன். கண்ணாடித் தொட்டியிலயே வையுங்க. பின்கண்ணாடிக்கு மட்டும் பெயின்ட் அடிச்சுடுங்க. முதுகுப்பக்கம் ஆள் நடமாட்டம் தெரிஞ்சா மிரண்டுடும்" என்றார்.

தொட்டியைத் திண்டிவனத்தில் செய்து வாங்கினேன். மிட்டாய்க் கடைகளுக்குக் கண்ணாடி அலமாரி செய்கிறவர் ஒருவர் செய்துகொடுத்தார். தகரச் சட்டம், மூலைகளில் சீமைச்சுண்ணாம்பையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து அப்பிய மக்கு. அதன் கனத்தைத் தாங்க எங்கள் வீட்டில் ஜன்னலடிக் கடப்பைக்கல்லை விட்டால் வேறு இடமில்லை. பெயின்ட்தான் கிடைக்கவில்லை. யுத்தத்தில் கடைகளில் எதுவும் இல்லை. பின்கண்ணாடிக்கு வெளியே ஒரு பழைய வேட்டியைத் தொங்கவிட்டேன். அது காற்றில் அசைந்தது. மீன்கள் அதற்கும் மிரண்டன. ஜன்னலைச் சாத்தினேன்.

"ஜன்னல சாத்திட்டா நான் உள்ள வெந்துக்கினு கெடக்கறதா? மீனுக்குப் படற கவலைல கால்வாசி எனக்குப் படுங்க" என்றாள் என் மனைவி. திறந்துவிட்டேன். மறுநாள் காலையில்தான் அந்த மீன் தரையில் கிடந்தது.

மீதி ஐந்தையும் கிணற்றடிச் சிமென்ட் தொட்டிக்கு மாற்றினேன். அங்கே பத்து மணிக்கே வெயில் வந்துவிடும். சீக்கிரம் வேலை முடிய வேண்டும்.

ஊரில் பெயின்ட் வைத்திருந்தவர் ஒருவர்தான். குண்டு விமானங்களுக்கு விளக்கு வெளிச்சம் தெரியாதபடி, இருட்டடிப்புக்காக ஸ்டேஷன் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்பு அடித்துக்கொண்டிருந்த பெயின்டர். அவரிடம் சொன்னேன்: தொட்டியின் தெருப்பக்கக் கண்ணாடி, அது ஒன்று மட்டும், வெளிப்பக்கம். மனைவியிடமும் சொல்லிவிட்டு, ஒரு வழக்குச் செய்திக்காகத் திண்டிவனம் கோர்ட்டுக்குப் போனேன். திரும்புகையில், பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் ஓடிய பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றுவிட்டது. வீடு வந்து சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது.

சொன்ன கண்ணாடிக்குத்தான் அடித்திருந்தார். ஒரு திட்டு இல்லை, ஒரு வழிசல் இல்லை. ஆனால் தொட்டிக்குள் கையை விட்டு, உள்பக்கம் அடித்திருந்தார்.

"நான் சொன்னேங்க. கேட்டாத்தானே?" என்றாள் மனைவி.

காலையில் அவரை அழைத்துவந்தேன். "வெளிப்பக்கம் என்றுதானே சொன்னேன்?"

"வெளிய அடிச்சா மொத மழைக்கே உரிஞ்சிக்கும் சார். ஸ்டேஷன்ல அத்தனையும் உள்பக்கந்தான். தொரையே விரல வச்சித் தேச்சிப் பாத்துட்டுப் போனாரு."

"இது ஜன்னல் இல்லை. இதற்குள்ளே தண்ணீர் நிற்கும். மீன் இருக்கும்."

"மீனு இருக்கும்னு அம்மா சொன்னாங்க. மீனு இன்னா பெயின்ட்ட சொரண்டியா துன்னப் போவுது?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "துன்னும். இந்த ஊட்ல அதுக்கு வேற இன்னா கெடைக்குது?"

பெயின்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேணும்னா வெளியவும் ஒரு கோட்டு இழுத்துடறேன் சார்" என்றார்.

உள்ளே இருப்பதை எடுத்தாக வேண்டும் என்றேன். அவருக்கு மனம் வரவில்லை. அடித்ததை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, "கூலி வாணாம், நானே எடுத்துத் தர்றேன்" என்று எங்கிருந்தோ ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார். விளக்குக்கே மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். துணியை நனைத்து நனைத்துப் பகல் முழுவதும் துடைத்தார். மூலைகளில் கத்தி முனையை விட்டுச் சுரண்டினார். சோப்புப் போட்டுக் கழுவினார். சாயங்காலம் கண்ணாடி புதிது போல ஆகிவிட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். பின்பக்கக் கீழ்மூலையில் ஒரு சொட்டு திரண்டது. பிறகு அது கோடாக இறங்கியது. மண்ணெண்ணெய் பட்ட மக்கு வெண்ணெயாக இளகியிருந்தது.

"பேஜாராப் பூட்ச்சே சார்" என்றார் பெயின்டர். உண்மையாகவே வருந்தினார். அதனால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

தொட்டி பஸ் கூரையில் ஏறித் திண்டிவனம் போயிற்று. கண்ணாடிக்காரர் மூலையை முகர்ந்தார். "இதுக்கு மண்ணெண்ணெ காட்டுன புண்ணியவான் யாருங்க?" என்றார். பழைய மக்கை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாக அப்ப வேண்டும். அதற்கு ஆளிவிதை எண்ணெய் புதுச்சேரியிலிருந்து வர வேண்டும். எண்ணெய் வந்தது. அப்பினார். காய வேண்டும் என்றார். கோர்ட் வேலையாகப் போகும்போதெல்லாம் அவர் பட்டறைக்குப் போனேன். மூலையில் நகத்தை வைத்து அழுத்துவார். நகம் பதியும்.

"இன்னும் ஈரம் கீதுங்க. இப்ப எடுத்துக்கினு போனீங்கன்னா திரும்பவும் இங்கதான் வருவீங்க."

நியாயமான பேச்சு. எல்லோரும் நியாயமாகத்தான் பேசினார்கள்.

இதற்கிடையில் கிணற்றடியில் ஒரு மீனைக் காக்கை கொத்திக்கொண்டு போயிற்று. கூடையைக் கவிழ்த்து மூடினோம். கத்திரி வெயிலில் தண்ணீர் வெந்நீராகக் கொதித்தது. மனைவி முணுமுணுத்துக்கொண்டே மணிக்கொரு தரம் புதுத் தண்ணீர் இறைத்து ஊற்றினாள். அப்படியும் ஒரு பிற்பகலில் இரண்டு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. அவற்றை முருங்கை மரத்தடியில் புதைத்தாள்.

தொட்டி ஒருவழியாக வந்தது. பெயின்டரிடம் பெயின்டையும் பிரஷ்ஷையும் மட்டும் வாங்கி, பின்கண்ணாடியின் வெளிப்பக்கம் நானே அடித்தேன். கோடு கோடாக வந்தது. தெருவில் நின்று ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பெயின்டர், "மழை சாரல் அடிச்சா என்னை வந்து கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். காய்ந்த பிறகு தண்ணீர் நிரப்பினோம். ஒழுகவில்லை. மிஞ்சியிருந்த இரண்டையும் விட்டோம். தெருவில் கூடைக்காரி போனாள். ஒரு மாட்டுவண்டி போயிற்று. இரண்டு மீன்களும் அசையாமல் நின்றன.

அந்த வாரமே நண்பர் திருச்சியிலிருந்து சென்னைக்குத் திரும்பினார். இரண்டையும் ஒரு தூக்குவாளியில் விட்டு, துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனேன். வண்டியில் நிற்க இடமில்லை. அவர் ஜன்னல் வழியாக இரண்டு கைகளையும் நீட்டி வாளியை வாங்கிக்கொண்டார்.

"ரெண்டுதான் இருக்கு" என்றேன்.

அவர் துணியை அவிழ்க்கவில்லை. வாளியை மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்த ரெண்டு?" என்றார்.

வால் நீண்டது ஒன்று, முதுகில் வெள்ளைத் திட்டு உள்ளது ஒன்று என்றேன்.

வண்டி ஐந்து நாற்பதுக்குப் புறப்பட்டது.