கடலுக்குள் போன புள்ளி

"ஏகாம்பரம் சார் இன்று காலை காலமானார்" என்று நம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் காய்கறிக் கடையில் நின்றிருந்தேன். காஞ்சிபுரத்தில் தெருவுக்கு நாலு ஏகாம்பரம். நம் நில அளவை அலுவலகத்திலேயே இரண்டு பேர் இருந்தார்கள். நான் கேட்பதற்குள் வேறு யாரோ "எந்த ஏகாம்பரம்?" என்று கேட்டுவிட்டார்கள். பாஸ்கர் பதில் போட்டிருந்தார்: "நம்ம கடல் ஏகாம்பரம்பா." கீழே அழுகிற பொம்மைகள், நடுவில் ஒரு சிரிக்கிற பொம்மை. கத்தரிக்காயை எடைத்தட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அலுவலக இரங்கல் கூட்டத்துக்காக அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? பெரிய காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பம். அண்ணன் தம்பிகள் தறியில் உட்கார, இவர் மட்டும் வரைவாளராக வந்து வரைபட மேஜையில் உட்கார்ந்தார். எந்தத் தாள் வந்தாலும், தறியில் நெடுக்கு நூலைப் பார்ப்பதுபோல், முதலில் நெடுக்குக் கோடுகளைத்தான் பார்ப்பார். "பாவு நேரா இருக்குதா பாரு மா, மத்தத அப்புறம் பேசலாம்" என்பார். அவர் வரைந்ததில் ஒரு பிழை கண்டுபிடிக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் எத்தனை நாள் முயன்றோம்! ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. எனக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது.

தென்கோடிப் பைத்தியம் அவரைப் பிடித்தது ஒரு மதிய உணவு வேளையில். நாட்டின் தென்கோடி கன்னியாகுமரி என்று அவர் சொல்ல, இல்லை, கிரேட் நிக்கோபார் தீவு என்று நான் சொன்னேன். சுனாமியில் அந்த முனை தாழ்ந்துபோய், கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீருக்குள் போன கதையையும் சொன்னேன். சார் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "தீவ விட்டுடு மா. காலால நடந்து போய்ச் சேர்ற தெற்கு எது? எனக்கு அது போதும்" என்றார். எங்கிருந்தோ கன்னியாகுமரிக் கரையின் பழைய அளவைத் தாள் ஒன்றை வாங்கி வந்தார். ஒரு வாரம் பூதக்கண்ணாடியும் கவராயமுமாக உட்கார்ந்து, கரையின் கடைசி நுனியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பென்சில் புள்ளி வைத்தார். அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஓரத்தில் எழுதினார். அந்த எண்களைப் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய ஜி.பி.எஸ். கருவி என் பொறுப்பில் இருந்தது.

அதைப் பார்க்கக் கன்னியாகுமரிக்குப் போன வேன் பயணத்தில் நம்மில் பாதிப் பேர் இருந்தோம், அதனால் நீட்டி முழக்கவில்லை. காலையில் கரையில் கூட்டம். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறைகளின் கடைசிவரை போய்விட்டார். அலை முழங்காலை நனைத்தது. அங்கிருந்து கத்தினார்: "இன்னா மா காட்டுது?"

கருவியின் அம்பு கடலைக் காட்டியது. இன்னும் இருநூறு மீட்டர் போகச் சொன்னது.

"கடல காட்டுது சார்!"

பாஸ்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "சார் இந்தியாவயே கடலுக்குள்ள இஸ்துக்கினு பூட்டாரு!" எல்லோரும் சிரித்தோம். நானும்தான். சார் பாஸ்கரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். "மெஷினு பொய் சொல்லாது. நான்தான் எங்கியோ தப்பு பண்ணிக்கிறேன்" என்றார். வழி தெரியாமல் நிற்கிறவர் முகம் அது. ஊர் திரும்பும்வரை அந்தத் தாளை மடிக்கவே இல்லை.

இனி எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது.

அடுத்த வாரம் ஓரிக்கையில் பாலாற்றுக் கரை அளவைக்குப் போனோம். நமக்கு நன்றாகத் தெரிந்த எல்லைக் கல்லின் மேல் கருவியை வைத்தேன். எண்கள் இடித்தன. கல் ஒரு பக்கம், கருவி சொல்லும் இடம் இன்னொரு பக்கம். பழைய வரைபடங்கள் பூமியின் உருவத்துக்கு ஒரு கணக்கு வைத்து வரைந்தவை. செயற்கைக்கோள் வைத்திருப்பது வேறு கணக்கு. ஒரே இடத்துக்கு இரண்டும் வேறு வேறு எண்களைச் சொல்லும். பழைய தாளோடு வேலை செய்யும்போது கருவியைப் பழைய கணக்குக்கு மாற்ற வேண்டும். எப்போதும் மாற்றித்தான் வைத்திருப்பேன். கன்னியாகுமரிக்குக் கிளம்பும் முன், வெளியூர் போகிறதே என்று, கருவியில் இருந்த பழைய பதிவுகளை எல்லாம் துடைத்துச் சுத்தமாக எடுத்துவந்தேன். அந்தச் சுத்தத்தில் கணக்கும் செயற்கைக்கோளுடையதாக மாறிப்போயிருந்தது. சாரின் எண்களை முறைப்படி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அவர் கால் நனைய நின்ற அந்தப் பாறைகளுக்குள்ளேயே புள்ளி விழுந்தது.

பாஸ்கர் பத்தடி தள்ளி அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சத்தமில்லாமல் கணக்கை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அந்த அலுவலகத்தில் களத்துக்குப் போன முதல் பெண் நான். "பொம்பள கையில மெஷின குடுத்தா இப்படித்தான்" என்ற பேச்சு எப்போது வரும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

அதன் பிறகு சார் மெதுவானதை நீங்களும் பார்த்தீர்கள். ஒரு கோட்டை மூன்று முறை அளந்தார். கையெழுத்துப் போடும் முன் பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டினார். வயசாகிவிட்டது என்று பேசிக்கொண்டோம். பணி ஓய்வு விழாவில் பாஸ்கர் ஒரு பிளாஸ்டிக் படகைப் பரிசாகக் கொடுத்தபோது சாரும் சிரித்தார். நான் கை தட்டினேன்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள், நான் பேருந்து ஏறும் நேரம் பார்த்து நிலையத்துக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். குடும்பம், பிள்ளைகள் எல்லாம் விசாரித்துவிட்டுக் கேட்டார்: "ஸ்டெல்லா, எங்க மாப்ள சொல்றாரு, அந்த மெஷின்ல பழைய மேப்புக்குன்னு தனியா ஒரு கணக்கு வெக்கணுமாமே. நீ வெச்சிருந்த தானே?"

"வெச்சிருந்தேன் சார்."

"அப்ப சரி மா. நீ வெச்சா வெச்சதுதான்." என் பேருந்து வந்ததும் ஓடிப்போய் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். தெரிந்துகொண்டு கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா? எத்தனை முறை அந்த முகத்தை நினைத்துப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. தெரிந்திருந்தால் ஏன் சண்டை போடவில்லை? தெரியாது என்றால் ஏன் என்னைத் தேடி வந்தார்?

சாவு வீட்டில் அவர் மகள் கல்பனா என்னை உள்ளறைக்கு அழைத்துப் போனாள். மேஜை மேல் அந்தத் தாள் விரிந்து கிடந்தது. புள்ளியை அழித்து அழித்து வைத்ததில், நாட்டின் நுனி இருந்த இடம் பொத்தலாகியிருந்தது. "எங்க தப்புன்னு தேடிக்கினே இருந்தாரு ஆன்ட்டி. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றாள்.

சொன்னேன், முழுவதும். வெளியே பறைச்சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "அவரு கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாளைச் சுருட்டி வைத்தாள்.

அவர் முதலில் வைத்த புள்ளி சரி. தப்பு என்னுடையது. அந்தப் பட்டப்பெயரை இனி யாரும் சொல்லாதீர்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். அவருடையதாக என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று: தன் கையையே சந்தேகப்பட்டவர், கடைசிவரை என் கையைச் சந்தேகப்படவில்லை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்றால், அவரிடம்தான் கேட்க வேண்டும்.